மாத்திரை

கம்மனஹள்ளி மருந்துக்கடையில்
பதினோரு வருடமாக
டாக்டர்களின் கையெழுத்தை வாசிக்கிறேன்.
ஹெக்டே எழுதினால் மழையில் கலைந்த எறும்பு வரிசை.
தோல் டாக்டர் எழுதுவது ஒரே ஒரு கோடு,
நடுவில் சின்ன நடுக்கம்.
அந்த நடுக்கம்தான் களிம்பின் பெயர்.
இவர்களை யாரும் சிவப்பு மையால் வட்டமிட்டு
வீட்டுக்கு அனுப்பியதில்லை.

ஜோவினை அனுப்பினார்கள்.
டைரியில் கவனமில்லை. மறுநாளும் கவனமில்லை.
மூன்றாம் வகுப்பு முடிவதற்குள்
அந்த ஒரு சொல் மட்டும்
எழுத்துக் கூட்டாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பி-யும் டி-யும் எப்படிடா ஒன்றாகும் என்று
ஒரு ராத்திரி கத்தினேன்.
எழுந்து போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.
"இப்ப இதுக்குப் பேர் மாறிடுச்சா?"
அடுப்பில் ஒன்றுமில்லை.
இருந்தும் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஓசூரிலிருந்து நாத்தனார் போனில்,
"மருந்துக்கடையிலதானே நிக்கிறே,
இதுக்கு மாத்திரை ஒண்ணும் வரலையா?"

லிங்கராஜபுரம் மேம்பாலம் இறங்கி
கோழிக்கடைச் சந்தில் திரும்பினால்
ஓடு போட்ட பழைய வீடு. அதுதான் பள்ளி.
முப்பத்தொரு பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு வரைதான்.
கட்டணம் என் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
முதல் நாள் திரும்பி வந்து ரகசியமாகச் சொன்னான்:
"அம்மா, அங்க யாருக்குமே வரல."
அவ்வளவு சந்தோஷமாக அவன் எதையும் சொல்லி
நான் கேட்டதில்லை.

தட்டில் ரவை பரப்பி விரலால் எழுதவேண்டும்.
எறும்பு வந்ததால் மணலுக்கு மாற்றினார்கள்.
மாற்றியது தெரியாமல் பூவண்ணா
ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டானாம்.
ஸைனப், உரக்க வாசி என்றால்
கழிப்பறைக்கு ஓடுகிறவள்.
பழைய பள்ளிப் பழக்கம், இங்கேயும் ஓடினாள்.
லவீனா மிஸ் கூடவே போய்
கதவுக்கு வெளியே நின்று
பாதிச் சொல்லைச் சொல்வாராம்.
ஒரு மாதம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
பிறகொரு நாள்
உள்ளேயிருந்து மீதிச் சொல் வந்தது.

எங்கள் தெருப் பையன்கள் அதை
ஸ்லோ ஸ்கூல் என்கிறார்கள்.
திங்களன்று வந்த எழுத்து
வியாழனன்று ஊருக்குப் போய்விடுகிறது,
சொல்லிக்கொள்ளாமல்.
ஆறாம் வகுப்புக்கு எங்கே என்ற கேள்வியை
பில் குத்தும் கம்பியில்
அடியிலேயே குத்தி வைத்திருக்கிறேன்.

தங்கவயலில் எனக்குத் தமிழெடுத்த சார்
விரல் நொடித்துக் காட்டுவார்.
குறிலுக்கு ஒரு மாத்திரை,
நெடிலுக்கு இரண்டு.
அப்போது அது பரீட்சைக்கு. இரண்டு மார்க்.
கடைக்கு வந்த பிறகு
காலை ஒன்று, ராத்திரி இரண்டு, சாப்பாட்டுக்குப் பின்.
ஒரே சொல் என்பதே மறந்திருந்தது.

நேற்று கரண்ட் போன சாயங்காலம்
குளுக்கோஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான் ஜோவின்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர்
காய்ச்சலுக்குக் கேட்டார்.
எடுத்து வைத்த அட்டையை இழுத்துக்கொண்டான்.
பள்ளியில் சொல்லித்தந்தபடி
கண்ணாடிமேல் கட்டை விரலை வைத்தான். பா.
அடுத்த விரல். ரா.
நடுவிரலில் கா என்று போய்
தானே திரும்பி வந்தான். சி.
டா.

சுண்டுவிரல் மேலேயே நின்றது.
எனக்கு நாக்கு நுனியில் இருந்தது.
கல்லா மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
பின்னால் இருமுகிற கிழவர்,
அவருக்குப் பின்னால் டயப்பர் வாங்க ஒருத்தி.
ஹெல்மெட் மெதுவாகக் கண்ணாடியைத் தூக்கி
அந்த விரலைப் பார்த்தது.

மால்.

கை முழுக்கக் கீழே இருந்தது.
ஒரு விரலும் மிச்சமில்லை,
ஒன்றும் போதாமல் போகவில்லை.
தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எஷ்டு?" என்றார் அவர், விலையை.
"ஐது" என்றான் ஜோவின்.

ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு
வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.
அட்டை இருபத்திரண்டு ரூபாய்.
மீதிப் பதினேழை
என் பர்ஸிலிருந்து எண்ணிக் கல்லாவில் போட்டேன்.